பிரியும் வினைச்சொற்கள்

இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய்
நிலவறைத் திறப்பு எனக்கு.
லாங்கென்தாலில், எட்டு வீடுள்ள கட்டடத்தில்
காலை ஏழு முதல் இரவு எட்டு வரை
சலவை இயந்திரமும் நானும்.
கதவில் நாட்காட்டி. என் பெயரை வெட்டி
ஐந்து எழுத்தாக்கியிருக்கிறது நிர்வாகம்.
அப்படிக் கூப்பிட்டாலும் இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

நாற்பது பாகைக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.
அது கழுவும். நான் படிப்பேன்.
ஆதிரை உடுப்புக் கூடைக்குள் இருந்து
கிளிப்புகளை ஒவ்வொன்றாய் ருசி பார்ப்பாள்.
மேலே திரைச்சீலையை இழுத்துவிட்டு
சுகிர்தன், ஹேர்க்கிங்கனில் இரவெல்லாம் பிரித்த பார்சல்களைக்
கனவிலும் பிரித்துக்கொண்டிருப்பான்.

நவம்பரில் டொச் பரீட்சை.
முதல் வகுப்பில் ஒவ்வொருவராய்க் கேட்டார்கள்:
பொழுதுபோக்கு என்ன?
எரித்திரியாக்காரி பாட்டு என்றாள்.
போர்த்துக்கல்காரர் மீன்பிடி என்றார்.
நித்திரை என்று சொல்ல நினைத்தேன்.
அது ஆண்பாலா பெண்பாலா தெரியாததால்
வாசிப்பு என்றுவிட்டேன்.

இந்தக் கிழமைப் பாடம்: பிரியும் வினைச்சொற்கள்.
ஒரே சொல்தான், வாக்கியத்துக்குள் போனதும் இரண்டாகும்.
தலை முன்னுக்கு நிற்கும், வால் கடைசியில்.
எழும்புகிறேன் என்று சொல்வதற்கு
இஹ் ஸ்டேஹெ என்று தொடங்கி
எப்போது, யாருக்காக, எத்தனை தரம்,
எல்லாம் சொல்லி முடிந்த பிறகுதான்
அவுஃப்.
அதுவரைக்கும் நீ எழும்பவில்லை,
சும்மா நிற்கிறாய்.

வினைக்குக் காத்திருப்பது எனக்குப் புதிதில்லை.
தமிழிலும் அது கடைசியாய்த்தான் வரும்,
கலியாண வீட்டுக்குச் சண்டைக்கார மாமா வருவதுபோல.
ஆனால் முழுசாய் வரும்.
இப்படிப் பாதியை முன்னால் அனுப்பிவிட்டு
மீதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு
நடுவில் பாலும் காய்ச்சலும் பார்த்து...
இல்லை, இதுவும் புதிதில்லை.
விடிய மூன்று மணிக்குத் தொடங்கிய தேநீர்
இன்னும் ஜன்னல் கரையில் இருக்கிறது.

பதினொன்றரைக்கு மூன்றாம் மாடி கெர்பர் இறங்கி வந்தாள்.
தாதிச் சீருடை, ஒரு காதில் மட்டும் இயர்போன்.
உலர்த்தியின் வடிகட்டியை இழுத்துக் காட்டினாள்:
பஞ்சு. போன கிழமையும் பஞ்சு.
போன கிழமை என் முறையே இல்லை
என்று சொல்ல, இறந்தகாலம் எட்டாம் பாடத்தில் கிடக்கிறது.
கையில் இருந்த நிகழ்காலத்தை எடுத்தேன்.
இஹ் ரொய்மெ, என்று தொடங்கினேன்,
இந்த அறையை, இன்றைக்கே,
பிள்ளையின் மத்தியான நித்திரையில்...
சரி சரி என்று அவள் திரும்பி
ஆறு படி ஏறிவிட்டாள்.

நான் விடவில்லை.
அவுஃப்! என்றேன் படிக்கட்டைப் பார்த்து.
கொஞ்சம் சத்தமாகத்தான்.

அவள் நின்றாள். கம்பிக்கு மேலால் குனிந்தாள்.
கெனாவ், என்றாள். அதுதான், அதேதான்.
கூடைக்குள்ளிருந்து ஆதிரை: அவு.
அன்றைக்கு முழுக்க விளக்கும் அவு, வாழைப்பழமும் அவு.
நானும் அவு.

இயந்திரம் நின்றது. கதவைத் திறந்தால்
சுகிர்தனின் கறுப்புக் காற்சட்டை முழுக்க வெள்ளைப் பொட்டு.
பஸ்சில் இருந்து பாடமாக்கு என்று நான் கொடுத்த
பதினாலு சொல்லட்டைகள்
பையைவிட்டு வெளியே வந்ததே இல்லை போல.
அவனைத் திட்டுவதற்குத் தமிழ் போதும், திட்டினேன்.
பிறகு மேசை விளக்கடியில் இருந்து
நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தேன்.
கெர்பர் கண்டால் இதையும் பஞ்சு என்பாள்.

ஒரு துண்டில் மட்டும் மை தப்பியிருந்தது.
ட்சு.
தலை தண்ணீரோடு போய்விட்டது.
எதன் வால்? மூடுவதா,
காதுகொடுத்துக் கேட்பதா,
உடம்பு வைப்பதா?

குளிர்ப்பெட்டியில் காந்தத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.
வேலைக்கு வெளிக்கிட்டவன், ஒரு கை ஜக்கெட்டுக்குள்ளும்
ஒரு கை வெளியிலுமாய் நின்று பார்த்தான்.
இது என்ன?

மிச்சம் வரும், என்றேன்.